கொடியைப் பிடுங்கினால் ஆட்டம் நிற்கும்: ஃப்ளாக் ஃபுட்பால் ஓர் அறிமுகம்

2028இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் நடக்கும்போது தொலைக்காட்சியில் ஒரு புது ஆட்டம் கண்ணில் படும். அணிக்கு ஐந்து பேர். முட்டை வடிவத்தில் ஒரு பந்து. ஒருவர் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார், இன்னொருவர் துரத்தி வந்து அவருடைய இடுப்பிலிருந்து எதையோ வெடுக்கென்று உருவுவார். விசில் ஊதும், ஓடியவர் நின்றுவிடுவார். யாரும் யாரையும் தள்ளவில்லை, யாருக்கும் தலைக்கவசம் இல்லை. உருவியவர் கையில் ரிப்பன் போல ஒரு பட்டை ஆடிக்கொண்டிருக்கும். "இதென்ன, குழந்தைகள் விளையாட்டா?" என்று கேட்கத் தோன்றினால் தப்பில்லை. இந்த ஆட்டத்தை ஆடுபவர்கள் பல காலமாகக் கேட்டுச் சலித்த கேள்விதான் அது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஃபுட்பால் என்றதும் நம் மனதில் வருவது காலால் உதைக்கும் கால்பந்து. இது அதுவல்ல. இது அமெரிக்கன் ஃபுட்பாலின் பிள்ளை. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு அணிக்குப் பதினோரு பேராக மோதிக்கொள்வார்களே, அந்த ஆட்டம். அதில் பந்தோடு ஓடுபவரைப் பிடித்துக் கீழே சாய்ப்பதற்கு டேக்கிள் என்று பெயர். அந்த டேக்கிளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இடுப்புப் பட்டையைப் பிடுங்குவதை வைத்தால் அதுதான் ஃப்ளாக் ஃபுட்பால். ஃப்ளாக் என்றால் கொடி. இடுப்பின் இரு பக்கமும் தொங்கும் பட்டைகளைத்தான் கொடி என்கிறார்கள்.

கேட்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் இந்த ஆட்டத்தை யார் ஆடுகிறார்கள், எப்படிப் பரவியது, ஒலிம்பிக் வரை எப்படிப் போனது என்று எந்தக் கேள்வியைப் பிடித்து இழுத்தாலும் கடைசியில் அந்தப் பட்டையில்தான் வந்து நிற்கிறது.

பட்டையின் கதை ராணுவ முகாமில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940களில், அமெரிக்க ராணுவத் தளங்களில் வீரர்கள் பொழுதுபோக்குக்கு ஃபுட்பால் ஆடினார்கள். போர்முனைக்குப் போக வேண்டியவர் மைதானத்தில் தோளை உடைத்துக்கொண்டு படுத்தால் எந்த அதிகாரிக்குத்தான் பிடிக்கும்? டேக்கிள் இல்லாத ஆட்டம் இப்படித்தான் வேரூன்றியது. மேரிலாந்து மாநிலத்தின் ஃபோர்ட் மீட் முகாமைத்தான் வழக்கமாகப் பிறந்த இடமாகச் சொல்வார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களோடு ஆட்டமும் திரும்பி, பூங்காக்களிலும் கல்லூரி வளாகங்களிலும் இடம் பிடித்தது.

எப்படி ஆடுவது?

பன்னாட்டுப் போட்டிகளில் ஆடும் ஐவர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். மைதானம் 70 கெஜ நீளம், 25 கெஜ அகலம். இரு முனைகளிலும் 10 கெஜம் 'எண்ட் ஸோன்'. எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. நேரம் இருபது நிமிடமாக இரண்டு பாதி.

தாக்கும் அணி தன் பக்கத்து 5 கெஜக் கோட்டிலிருந்து தொடங்கும். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஓர் ஓவருக்கு ஆறு பந்து இருப்பது போல, இங்கே ஒரு தவணைக்கு நான்கு முயற்சிகள். ஒவ்வொரு முயற்சிக்கும் 'டவுன்' என்று பெயர். நான்கு டவுனுக்குள் மைதானத்தின் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும். கடந்துவிட்டால் புதிதாக நான்கு டவுன் கிடைக்கும், அதற்குள் டச்டவுன் போட வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. டச்டவுன் போட்ட அணிக்கு ஒரு போனஸ் முயற்சியும் உண்டு. பக்கத்திலிருந்து முயன்றால் 1 புள்ளி, இன்னும் தள்ளி நின்று முயன்றால் 2. எதை எடுப்பது என்பதில்தான் நெருக்கமான ஆட்டங்களில் பயிற்சியாளர்கள் நகம் கடிப்பார்கள்.

ஒவ்வொரு டவுனும் ஒரே மாதிரிதான் தொடங்கும். நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் தருவார். வாங்குபவர் குவார்ட்டர்பேக், அணியின் மூளை. அவர் பந்தை முன்னால் ஓடும் ரிசீவர்களில் ஒருவருக்கு வீசலாம், அல்லது பக்கத்தில் வரும் ஒருவர் கையில் கொடுத்து ஓடச் சொல்லலாம். சென்டரின் கையிலிருந்து வாங்கிய பந்தோடு தானே கோட்டைத் தாண்டி ஓட முடியாது. எதிரணியிலிருந்து அவர்மேல் பாய்ந்து வர விரும்புபவர், பந்து இருக்கும் கோட்டிலிருந்து 7 கெஜம் தள்ளி நின்றுதான் கிளம்ப வேண்டும். ஏழு கெஜம் ஓடிவர ஆகும் அந்த இரண்டு மூன்று வினாடிதான் குவார்ட்டர்பேக் யோசிக்கக் கிடைக்கும் நேரம்.

இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. நடுக்கோட்டுக்கும் எண்ட் ஸோனுக்கும் முந்தைய 5 கெஜம் 'ஓடக் கூடாத பகுதி'. அந்த இடத்திலிருந்து டவுன் தொடங்கினால் பந்தைக் கையில் கொடுத்து ஓடிக் கடக்க முடியாது, வீசித்தான் ஆக வேண்டும். ஏன்? இன்னும் நாலு எட்டுதான் என்ற இடத்தில் எல்லோரும் கும்பலாக முட்டிக்கொண்டு நுழையப் பார்ப்பார்கள், அங்கேதான் மோதல் வரும். மோதக் கூடாது என்று விதி எழுதிவிட்டு, மோதத் தூண்டும் இடத்தை அப்படியே விட்டுவைக்கவில்லை. விதி எழுதியவர் மைதானத்தில் நின்று பார்த்தவர் என்பது தெரிகிறது.

இதே போக்கில்தான் மற்ற தடைகளும். எதிராளியைத் தடுத்து மறிக்கும் 'பிளாக்' கிடையாது. பந்து தரையில் விழுந்தால் அந்த டவுன் அதோடு சரி. விழுந்த பந்தின்மேல் ஏழெட்டுப் பேர் குவிவது இங்கே நடக்காது. பந்தை உதைக்கும் வேலையே இல்லை. ஓடுபவர் சுழன்று தப்பிக்கலாம், ஆனால் தன் கையால் கொடியை மறைக்கவோ, பிடிக்க வரும் கையைத் தட்டிவிடவோ கூடாது. 'ஃப்ளாக் கார்டிங்' என்ற இந்தக் குற்றத்தில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டுவார்கள். பையே இல்லாத கால்சட்டைதான் போட வேண்டும் என்பதும் விதி. கொடியைப் பிடிக்க வந்த விரல் பையில் மாட்டினால் விரல் போய்விடும்.

ஒரு சின்னத் தகவல். நடுவர் கையிலும் மஞ்சள் கொடி இருக்கும், தவறு நடந்தால் அதைத் தரையில் வீசுவார். ஆகவே வர்ணனையில் 'கொடி விழுந்தது' என்று கேட்டால் எந்தக் கொடி என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஏன் இப்படி வளர்ந்தது?

முதல் காரணம் செலவு. தலைக்கவசமும் தோள்கவசமும் வேண்டாம். ஒரு பந்து, பத்துப் பேருக்கும் இடுப்புப் பட்டைகள், எல்லைக்கு நான்கு கூம்புகள் போதும். இடமும் அப்படித்தான். முழு அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இதற்குத் தேவையில்லை. இருபத்திரண்டு பேர் சேர்ந்தால்தான் ஆட்டம் என்பதற்கும் பத்துப் பேர் போதும் என்பதற்கும் உள்ள வித்தியாசம், ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்த எவருக்கும் புரியும்.

இரண்டாவது காரணம் பயம். திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் சிடிஇ என்ற மூளைச் சிதைவு நோயைப் பற்றி அமெரிக்காவில் கடந்த இருபது ஆண்டுகளில் நிறையப் பேச்சு எழுந்தது. 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மெக்கீ குழு வெளியிட்ட ஆய்வில், தானமாகக் கிடைத்த, அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் முன்னாள் வீரர்களுடைய 111 மூளைகளில் 110இல் அந்த நோயின் தடயம் இருந்தது. நோய் அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்திருப்பார்கள், ஆகவே எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையை எந்த ஆட்டத்தில் சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்கு அந்த எண் போதுமானதாக இருந்தது. ஃப்ளாக் ஃபுட்பாலில் அடியே படாது என்று நினைத்துவிட வேண்டாம். பந்தை அண்ணாந்து பார்த்து ஓடும் இருவர் முட்டிக்கொள்வதும், விரல் சுளுக்குவதும், கணுக்கால் பிசகுவதும் நடக்கத்தான் செய்கிறது. வேண்டுமென்றே மோதுவது ஆட்டத்தின் பகுதியாக இல்லை, அதுதான் வேறுபாடு.

மூன்றாவது காரணம் பெண்கள். என் கணிப்பில் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிடும் காரணம் இதுதான்.

அமெரிக்கப் பள்ளிகளில் ஃபுட்பால்தான் பெரிய ஆட்டம், ஆனால் அது கிட்டத்தட்ட முழுவதும் பையன்களுடையது. ஓர் அணிக்கே பல பத்துப் பேர் வேண்டும். 1972இல் வந்த டைட்டில் நைன் என்ற சட்டம், அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்கள் இருபாலருக்கும் சம வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. ஃபுட்பாலில் பையன்களுக்குப் போகும் இத்தனை இடங்களுக்கு ஈடாகப் பெண்களுக்கு என்ன தருவது என்பது பள்ளிகளுக்குத் தீராத தலைவலி. ஃப்ளாக் ஃபுட்பால் அந்தப் பூட்டுக்குச் சரியாகப் பொருந்திய சாவி. மைதானம் இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார், வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்து வளர்ந்த பெண்கள் இருக்கிறார்கள். ஃபுளோரிடா இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பள்ளிப் பெண்களுக்கு இதை அதிகாரப்பூர்வ ஆட்டமாக்கியது. பிறகு நெவாடா, அலாஸ்கா, ஜார்ஜியா என்று பரவி, 2023இல் கலிஃபோர்னியாவும் சேர்ந்தது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் தேசியக் கூட்டமைப்பு எடுத்த கணக்கில் 2022-23இல் 20,875 ஆக இருந்த மாணவிகளின் எண்ணிக்கை மறு ஆண்டே 42,955 ஆனது. ஒரே ஆண்டில் இரட்டிப்பு.

பள்ளி முடித்த பெண்ணுக்கு அடுத்து என்ன? சிறிய கல்லூரிகளின் அமைப்பான என்ஏஐஏ 2021இல் பெண்கள் ஃப்ளாக் ஃபுட்பால் பருவத்தைத் தொடங்கி ஒரு வழி காட்டியது. உதவித்தொகையோடு படிக்கலாம் என்ற நிலை வந்த பிறகுதான் ஓர் ஆட்டம் பொழுதுபோக்கிலிருந்து வாழ்க்கைத் திட்டமாக மாறுகிறது.

இந்த எல்லா இடத்திலும் பின்னால் ஒரு நிழல் தெரியும், என்எஃப்எல். உலகின் மிகப் பணக்கார விளையாட்டு லீக்குகளில் ஒன்று. சிறுவர் சிறுமியருக்கு 'என்எஃப்எல் ஃப்ளாக்' என்ற பெயரில் லீக்குகள், என்ஏஐஏவோடு கூட்டு, பல மாநிலங்களில் பள்ளி ஆட்டத்துக்கு அந்தந்த ஊர் அணியின் ஆதரவு. நல்லெண்ணமும் இருக்கலாம், கணக்கும் உண்டு. டேக்கிள் ஃபுட்பால் அமெரிக்காவுக்கு வெளியே பெரிதாக ஏறவில்லை. கவசம் வாங்கச் சொல்லாமல், பத்துப் பேரை மட்டும் கேட்கும் ஒரு வடிவம் கையில் இருந்தால் உலகம் முழுவதும் ரசிகர்களைத் தேடலாம். 2023 முதல் தன் நட்சத்திரக் காட்சி ஆட்டமான புரோ போலையே என்எஃப்எல் ஃப்ளாக் ஃபுட்பாலாக மாற்றிவிட்டது. அந்த ஆட்டத்தில் யாரும் உண்மையாக டேக்கிள் செய்வதில்லை என்று ரசிகர்கள் கேலி செய்துகொண்டிருந்தார்கள், அந்தக் கேலியும் அதோடு முடிந்தது.

யார் நடத்துகிறார்கள்?

இங்கே இரண்டு உலகங்கள் இருக்கின்றன, இரண்டும் ஒரே பெயரில் ஓடுவதுதான் சிக்கல்.

ஒன்று பொழுதுபோக்கு உலகம். நகராட்சியின் பூங்காத் துறை, ஒரு மன்றம், ஒரு தனியார் நிறுவனம், கல்லூரி விளையாட்டுத் துறை என்று யார் வேண்டுமானாலும் லீக் நடத்தலாம். கட்டணம் வாங்கி, அணிகளைப் பிரித்து, வாரம் ஓர் ஆட்டமாக ஏழெட்டு வாரம் ஓட்டி, கடைசியில் ஒரு கோப்பை. சிலவற்றில் தனியாளாகப் பதிந்தால் அவர்களே ஓர் அணியில் சேர்த்துவிடுவார்கள். இந்த உலகத்தில் விதி என்பது நடத்துபவர் வைத்ததுதான். ஓரிடத்தில் ஐவர், இன்னோரிடத்தில் எழுவர், வேறிடத்தில் எண்மர். சில லீக்குகளில் கையை நீட்டாமல் குறுக்கே நின்று மறிக்கலாம், சிலவற்றில் அதுவும் கூடாது. குவார்ட்டர்பேக் இஷ்டம்போல ஓடக்கூடிய லீக்கும் உண்டு.

ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் கலப்பு ஆட்டங்களின் விதிகள் தனி ரகம். அமெரிக்கக் கல்லூரிகளில் பரவலாகப் பின்பற்றும் முறையில், பெண் டச்டவுன் போட்டாலோ டச்டவுனுக்கான பந்தை வீசினாலோ 6க்குப் பதில் 9 புள்ளி. ஓர் ஆண் இன்னோர் ஆணுக்கு வீசி வெற்றிகரமாக முடித்த பிறகு, அடுத்ததில் ஒரு பெண்ணுக்குப் பங்கு இருந்தே ஆக வேண்டும். பெண்களை ஓரமாக நிற்கவைத்துவிட்டு நாலு ஆண்களே ஆடிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அதன் நோக்கம் சரி, ஆனால் குவார்ட்டர்பேக்காக நிற்கும் திறமையான ஒரு பெண்ணுக்கு அந்த 9 புள்ளி பெருமையா, சலுகையா என்று கேட்டால் இரண்டு பதிலும் வரும்.

இன்னொன்று போட்டி உலகம். இங்கே ஏணி ஒழுங்காக இருக்கிறது. மேலே பன்னாட்டு அமெரிக்கன் ஃபுட்பால் சம்மேளனம், சுருக்கமாக ஐஎஃப்ஏஎஃப். 1998இல் தொடங்கியது. அதன் கீழே நாட்டுக்கு ஒரு சம்மேளனம், அமெரிக்காவில் அது யுஎஸ்ஏ ஃபுட்பால். தேசிய அணியைத் தேர்ந்தெடுப்பதும் நடுவர்களைப் பயிற்றுவிப்பதும் இவர்கள் வேலை. சுமார் 100 நாடுகளில் 2 கோடிப் பேர் ஆடுவதாகச் சம்மேளனத் தரப்பு சொல்கிறது. எந்த விளையாட்டின் சம்மேளனமும் தன் ஆட்டக்காரர்களைக் குறைத்துச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை, ஆகவே நாடுகளின் எண்ணிக்கையை மட்டும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஃப்ளாக் உலகச் சாம்பியன்ஷிப் 2002இல் ஆஸ்திரியாவில் தொடங்கியது. ஆட்டம் அமெரிக்காவுடையது என்றாலும் களம் அவ்வளவு ஒருதலையாக இல்லை. ஆஸ்திரியா, இத்தாலி, பனாமா, ஜப்பான் எல்லாம் சும்மா வந்து போகும் அணிகள் அல்ல. பெண்கள் பிரிவில் மெக்சிகோவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அங்கே இதற்கு 'டோச்சிடோ' என்று சொந்தப் பெயரே உண்டு. 2022இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியின் இறுதியில், அமெரிக்காவை அதன் மண்ணிலேயே 39-6 என்று மெக்சிகோ பெண்கள் வீழ்த்தினார்கள். குவார்ட்டர்பேக் டயானா ஃப்ளோரெஸ். அடுத்த ஆண்டு தன் இறுதி ஆட்டமான சூப்பர் போலின்போது என்எஃப்எல் வெளியிட்ட விளம்பரத்தின் நாயகியும் அவரே. 2024இல் ஃபின்லாந்தின் லாட்டியில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் அமெரிக்கா பழிதீர்த்தது, 2025இல் சீனாவின் செங்துவில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் மறுபடி மெக்சிகோ. ஒரு விளையாட்டு பிழைக்க இப்படி ஒரு பங்காளிச் சண்டை வேண்டும்.

ஒலிம்பிக் கதவு 2023 அக்டோபரில் திறந்தது. மும்பையில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு, 2028க்கு ஐந்து ஆட்டங்களைச் சேர்த்தது. டி20 கிரிக்கெட், பேஸ்பால்-சாஃப்ட்பால், ஸ்குவாஷ், லக்ராஸ், அப்புறம் ஃப்ளாக் ஃபுட்பால். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலேயே அமெரிக்கன் ஃபுட்பால் காட்சி ஆட்டமாக நடந்திருக்கிறது, ஆனால் பதக்க ஆட்டமாக வளரவில்லை. வளரவும் முடியாது. என்எஃப்எல் அணி ஒன்றில் 53 பேர். வீரர்களின் மொத்த எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் ஒலிம்பிக்கில் அத்தனை பேருக்கு இடமேது? அணிக்கு 10 பேர், ஆண்கள் 6 அணி, பெண்கள் 6 அணி என்றால் மொத்தம் 120 பேர். கிரிக்கெட் டெஸ்டாக இல்லாமல் டி20ஆக உள்ளே போனதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

கதவு திறந்ததும் வாசலில் தள்ளுமுள்ளு வந்தது. என்எஃப்எல் நட்சத்திரங்கள் "நாங்களும் வருகிறோம்" என்றார்கள். அமெரிக்க ஆண்கள் அணியின் குவார்ட்டர்பேக் டேரல் டூசெட், தேர்வே இல்லாமல் அவர்கள் அணியில் வந்துவிடுவார்கள் என்று எல்லோரும் நினைப்பது, இந்த ஆட்டத்தை வளர்த்தவர்களை மதிக்காத செயல் என்று 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். 2025 மே மாதம் என்எஃப்எல் உரிமையாளர்கள் 32 பேரும் ஒருமனதாக வாக்களித்து, வீரர்கள் தேர்வில் கலந்துகொள்ள அனுமதி தந்தார்கள். ஒரு தேசிய அணிக்கு ஒரு கிளப்பிலிருந்து ஒருவர்தான் போகலாம் என்பது வரம்பு.

டூசெட் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஓடும்போது வரும் கையைத் தட்டிவிடுவது என்எஃப்எல் வீரருக்குச் சிறுவயதிலிருந்து ஊறிய பழக்கம். இங்கே அது குற்றம். அங்கே தோளைப் பார்த்து மோதப் பழகிய தடுப்பாளர், இங்கே முழு வேகத்தில் சுழலும் ஒரு இடுப்பிலிருந்து இரண்டு விரலால் பட்டையை எடுக்க வேண்டும். முன்னால் ஐந்து மல்லர்கள் மறித்து நின்று காக்கும் குவார்ட்டர்பேக்குக்கு, இங்கே காக்க ஒருவரும் இல்லை. உடல் வலிமையைக் கொண்டுவரலாம், பழக்கத்தை மாற்ற நாளாகும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாமும் ஆடிப் பார்க்கலாமே என்று தோன்றினால், லீக்கில் பணம் கட்டுவதற்கு முன் நடத்துபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேர் ஆட்டம்? மறிக்கலாமா? குவார்ட்டர்பேக் ஓடலாமா? பதில்களைக் கேட்டால் அது எந்த ஃப்ளாக் ஃபுட்பால் என்பது தெரிந்துவிடும். அப்புறம், பையில்லாத கால்சட்டை ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.